காலுக்கும் ஒரு கணக்கு

(தாமலில் ஆற்றிய சொற்பொழிவு)



காஞ்சியிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் வழியெல்லாம் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்காம் எண் சாலை என்று நம் நாவில் ஊறிப்போன அதற்கு இன்று 48 என்று எண். தங்க நாற்கரத் திட்டத்திலே அகன்றது; சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பயண நேரத்தைக் குறைத்தது. நன்று! ஆனால் அந்தச் சாலையின் ஓரத்திலே, தலையிலே புல்லுக்கட்டும் கையிலே குழந்தையுமாக வந்த தாய் ஒருத்தி, விரைந்து வந்த லாரிக்கு அஞ்சி, மண்சரிவிலே இறங்கி நின்றாள். அவள் கால்களுக்கென்று அந்தச் சாலைக் கணக்கிலே எத்தனை காசு எழுதப்பட்டது? இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

அரசியல் மேடையிலே நடைபாதையா என்று நகைப்போர் நகைக்கட்டும். 2022ஆம் ஆண்டிலே இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களிலே நடந்து சென்றவர்கள் 32,825 பேர். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு இது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! இவர்கள் மாளிகைவாசிகளா? பேருந்துக்குச் சென்றவர்கள், பள்ளிக்குச் சென்றவர்கள், கூலிக்குச் சென்றவர்கள்.

பழம்பெருமை பேசுவோர் நம் மாவட்டத்து உத்திரமேரூரைக் காட்டுவர். காட்டட்டும், எனக்கும் அது பயன்படும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று அமைத்த அந்த ஊர்க் கல்வெட்டுகளிலே, வழிகளைக் கவனிக்கத் தடிவழி வாரியம் என்றும் ஒன்று பேசப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாதைக்கென்று பொறுப்பாளர் இருந்தனர்! அந்த வாரியங்களிலே இடம்பெற நிலம் வேண்டும், மனை வேண்டும், மறையோதியிருக்கவும் வேண்டும் என்பதையும் அதே ஊர்க் கல்வெட்டு சொல்கிறது. பாதையிலே நடந்தவனுக்கு வாரியத்திலே இடமில்லை. அந்தக் குறை நம் நாளில் சட்டத்தால் நீங்கிற்று. ஆனால் பாதைக்கான பொறுப்பாளரையும் அதோடு சேர்த்தே நீக்கிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன்.

காஞ்சியின் நெசவாளர் தெருக்களை நீங்கள் அறிவீர்கள். அங்கே தெரு என்பது வண்டி போகும் வழி மட்டுமன்று. விடியற்காலையிலே பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழை இழையாய்ச் சீர் செய்வர் ஆணும் பெண்ணும். தெருவே தொழிற்கூடம்! அந்தத் தெருவிலே பழைய தாரின்மேல் புதிய தார், அதன்மேல் மற்றொரு தார் என்று போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? சாலை உயர்கிறது, வாசல் தாழ்கிறது, திண்ணை தெருவோடு சமமாகிறது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்ளே போகும். வீட்டுக்குள்ளே இருப்பது குழித்தறி, தோழர்களே! நெய்பவன் கால் வைக்கும் குழியிலே தண்ணீர் நின்றால், அன்றைய நெசவு நின்றது. அந்த வாரக் கூலியும் குறைந்தது. சாலை போட்டதாகக் கணக்கு, தறி நின்றதற்குக் கணக்கில்லை.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதிய தார் போடவேண்டும் என்று 2021 மே திங்களில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆணையிட்டார். சிறந்த ஆணை. அதைத் தெருவிலே நின்று கேட்கும் குடிமகன் வேண்டும்.

இங்கேதான் நடைபாதையின் சூட்சுமமும் இருக்கிறது. சுரண்டும் நாளிலேதான் சாலையின் மட்டம் முடிவாகிறது. மட்டம் தெரிந்தால் வடிகாலின் உயரம் தெரியும். வடிகால் தெரிந்தால் அதையொட்டிய பாதையின் உயரம் தெரியும். முதலில் குடிநீர்க் குழாய், அடுத்து வடிகால், பிறகு பாதையின் ஓரக்கல், கடைசியிலே தார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தாரை முதலில் போட்டு, ஆறு மாதத்திலே குழாய்க்காக வெட்டி, பாதையை வருங்காலத்துக்கு ஒத்திவைத்தால், பாதை வருவதேயில்லை. சுரண்டி எடுத்த பழைய தார்க்கல்லைக்கூட ஓரத்தை நிரப்பப் பயன்படுத்தலாம். வீணாகக் குவித்துவைப்பானேன்?

நிதி எங்கே என்பர். கணக்குப் போடுவோம். 7 மீட்டர் அகலச் சாலை, ஒரு கிலோமீட்டருக்கு 7,000 சதுர மீட்டர். இந்தியச் சாலைப் பேரவை வகுத்த குறைந்த அளவாகிய 1.8 மீட்டர் அகல நடைபாதை, அதே தொலைவுக்கு 1,800 சதுர மீட்டர். கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவே. பரப்பு வேறு, செலவு வேறு, ஓரக்கல்லும் மூடிப்பலகையும் விலை கூடியவை என்று பொறியாளர் திருத்துவார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியே ஒப்பந்தம் கோரி, தனியே ஆட்களைத் திரட்டி, போட்ட சாலையை மறுபடி உடைத்துக் கட்டினால் ஆகும் செலவைவிட அது குறைவு என்பதை அவரும் ஒப்புவார்.

2014லே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான நிதியிலே குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவது என்று கொள்கை வகுத்தது. இந்தியாவிலே அப்படி வகுத்த முதல் நகரம் அது. 2019லே தியாகராய நகர் பாண்டி பசாரிலே அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. தலைநகரத்துக் கடைத்தெருவுக்குக் கிடைத்தது, தாமலுக்குக் கிடைக்கலாகாதா? அதே 2019லே காஞ்சியிலே அத்திவரதரைக் காண 48 நாள் கூட்டம் திரண்டது. பக்தியைப் பற்றி என் கருத்து வேறு, அது கிடக்கட்டும். வந்தவர்கள் இலட்சக்கணக்கிலே நடந்தார்களே, அவர்கள் கால்பட்ட இடம் எது? பெரும்பாலும் சாலையின் நடுவேதான்!

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், கோவை மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த வழக்கிலே, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையிலே அடங்கும் என்று உரைத்தது. இனி அது சலுகையன்று.

உங்கள் ஊரின் தொல்லை, சாலைக்குப் பல உடைமையாளர் இருப்பது. நெடுஞ்சாலை டெல்லிக்குச் சொந்தம். தெரு ஊராட்சிக்குச் சொந்தம். ஏரிக்கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். நடப்பவளோ ஒருத்திதான்! மூன்று எல்லையையும் ஒரே நடையிலே கடக்கிறாள். ஆகவே, நெடுஞ்சாலையிலே வேலை எடுக்கும்போதே பேருந்து நிறுத்தம் வரை பாதையும், கடக்கும் இடமும் அதே மதிப்பீட்டிலே சேரவேண்டும். தெருவுக்கு ஊராட்சி நிதி. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாம் நிதிக்குழு மானியத்திலே 40 விழுக்காடு, ஊரின் தேவைக்கேற்பச் செலவிடக் கட்டற்றதாகவே வைக்கப்பட்டது.

ஏரிக்கரையைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. மாவட்டத்தின் பெரிய ஏரிகளிலே ஒன்று உங்களுடையது. அதன் கரை இயற்கையாகவே நல்ல நடைவழி. அங்கே தார் போடக் கேட்காதீர்கள்! தார் போட்டால் வண்டி வரும். வண்டி வந்தால் கரை அமிழும். கசிவும் கண்ணுக்குத் தெரியாது. இறுகிய கிராவல், இருபுறமும் வண்டி ஏறாதபடி கல்தூண். அது போதும்.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் நாளிலே தாய்மார்கள் முன்வரிசையிலே அமருங்கள். சாலை வேலையின் மதிப்பீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். நடைபாதை என்ற சொல் அதிலே வரவில்லையென்றால், எழுதிச் சேர்த்த பிறகே தீர்மானத்துக்குக் கையெழுத்திடுங்கள்.