அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய செலவும் உங்கள் காப்புறுதியும்



மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், பெரிய செலவு தீர்ந்தது என்று குடும்பத்தார் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால், சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. சிலருக்குக் கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படும், சிலருக்குக் கீமோதெரபி. ஹார்மோன் சார்ந்த புற்றுநோயாக இருந்தால், மாத்திரையை 5 ஆண்டுகள், சில வேளைகளில் 10 ஆண்டுகள்கூடச் சாப்பிட வேண்டும். மேமோகிராம் சோதனையும் தொடரும். இந்தச் செலவுகள் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வருவதில்லை. எது எதிலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, மெடிஷீல்டு லைஃப். சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் இது ஆயுள் முழுவதும் உண்டு. ஏற்கெனவே நோய் இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. சந்தாவை மெடிசேவ் மூலம் செலுத்தலாம். வெளிநோயாளியாகப் பெறும் கதிரியக்கச் சிகிச்சைக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் வரம்புக்கு உட்பட்டுக் கோரலாம். 2022 செப்டம்பர் முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. ஒரே மருந்து ஒரு வகைப் புற்றுநோய்க்குப் பட்டியலில் இருக்கலாம்; இன்னொன்றுக்கு இல்லாமல் போகலாம். ஆகவே, மருந்தைத் தொடங்கும் முன், "என் நோய்க்கு இது பட்டியலில் உள்ளதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, மெடிசேவ். புற்றுநோய் தொடர்பான ஸ்கேன் சோதனைகளுக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி வரை எடுக்கலாம். உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லையென்றால் கணவர், பிள்ளைகள் அல்லது பெற்றோரின் மெடிசேவைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, தனியார் காப்புறுதி நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம். அது உங்களிடம் இருந்தால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஏற்படும் தொடர் மருத்துவச் செலவை, பல திட்டங்கள் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே ஏற்கின்றன. அந்த நாள் என்று முடிகிறது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்து, சந்தா குறைவு என்று இன்னொரு நிறுவனத்துக்கு அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள். புதிய நிறுவனம் உங்கள் புற்றுநோயை ஏற்கெனவே உள்ள நோயாகக் கருதி விலக்கலாம். விண்ணப்பத்தை நிராகரிக்கவும் செய்யலாம். பழைய திட்டத்தை விட்டபின் அதே நிலையில் திரும்பப் பெறுவது கடினம். சந்தா சுமையாக இருந்தால், அதே நிறுவனத்தில் குறைந்த திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

கட்டணச் சீட்டுகள், மருத்துவரின் குறிப்பு, அறுவைச் சிகிச்சை அறிக்கை அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மருத்துவரின் விளக்கக் கடிதத்துடன் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதவில்லையா? மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள். உதவித்தொகை பெறும் நோயாளியாக இருந்தும் கட்டணம் செலுத்த இயலாத சிங்கப்பூரர்களுக்கு மெடிஃபண்ட் இருக்கிறது. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: செலவுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் திரும்பாமல் தடுப்பது அந்த மாத்திரையின் வேலை. திரும்பினால் விரைவில் கண்டுபிடிப்பது அந்தச் சோதனையின் வேலை. பணத்துக்கு வழி தேடலாம். அதுவரை சிகிச்சை தொடரட்டும்.