புது விதையை முதலில் யார் போடுவது?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



புது நெல் ரகம் ஒன்று வந்திருக்கிறது என்று வேளாண்மை அலுவலர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் ஊரில் கிளம்புகிற பேச்சு எது? "யாராச்சும் ஒருத்தர் போடட்டும், பாத்துட்டு நாமளும் போட்டுக்கலாம்." களத்து மேட்டிலும் சரி, டீக்கடையிலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டீர்கள். நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். இதைக் கேட்டுவிட்டு, "விவசாயி பழசை விடமாட்டான்" என்று முடிவு கட்டிவிட்டுப் போகிற படித்தவர்களும் உண்டு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் என்ன கணக்கு இருக்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதில் நமக்கு உபயோகமான சங்கதி நிறைய இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இந்த ஆராய்ச்சி ஆரம்பித்தது அமெரிக்காவில், அயோவா என்கிற மாநிலத்தில். நமக்கு நெல் எப்படியோ அப்படி அவர்களுக்கு மக்காச்சோளம். 1920-களின் கடைசியில் அங்கே வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. பழைய விதையைவிட நூற்றுக்குச் சுமார் இருபது பங்கு கூடுதல் மகசூல். ஒரே சங்கடம், வருஷா வருஷம் விதையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவரை அவர்களும் நம்மைப் போலத்தான், நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி வைத்து மறு வருஷம் விதைத்தவர்கள்.

பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள் அங்கே இரண்டு ஊர்ப்பகுதிகளில் விவசாயிகளை நேரில் கண்டு விசாரித்து, 1943-இல் எழுதினார்கள். 259 விவசாயிகளில் இரண்டே பேரைத் தவிர அத்தனை பேரும் 1928-க்கும் 1941-க்கும் நடுவில் புது விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் எப்படி மாறினார்கள் பாருங்கள். 1933 வரைக்கும் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். அடுத்த மூன்று வருஷத்தில் அது நாற்பதாகிவிட்டது. விதையைப் பற்றிக் காதில் விழுந்த நாளுக்கும் அதைப் போட்ட நாளுக்கும் நடுவில் சராசரியாக ஒன்பது வருஷம்! அமெரிக்க விவசாயி, அதுவும் செழிப்பான கரிசல் பூமிக்காரர், ஒன்பது வருஷம் யோசித்திருக்கிறார். "உங்களுக்கு முதலில் சொன்னது யார்?" என்று கேட்டதற்கு மற்ற எவரையும்விட விதை விற்கிறவரையே அதிகம் பேர் சொன்னார்கள். "நம்ப வைத்தது யார்?" என்றால், பக்கத்து நிலத்துக்காரர். முதலில் துணிந்தவர்கள்கூட நிலம் முழுவதிலும் போடவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்துத்தான் பெருக்கினார்கள்.

பிறகு ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளாதார அறிஞர் வந்தார். லிதுவேனியா நாட்டில் பிறந்து, நாஜிகளின் முகாமில் சிறுவயதில் அல்லல்பட்டுத் தப்பி, பின்னால் சிகாகோவில் படித்தவர். மாநிலவாரியாக எந்த வருஷம் எத்தனை பங்கு நிலத்தில் ஒட்டுவிதை போட்டார்கள் என்ற கணக்கை எடுத்து அவர் படமாகப் போட்டார். 1957-இல் அது வெளிவந்தது. எல்லா மாநிலத்துக் கோடும் ஒரே சாயலில் இருந்தது. நட்ட நாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பச்சை பிடிக்க நாளாகும், பிறகு மளமளவென்று தூர் கட்டும், அப்புறம் வளர்த்தி நின்றுவிடும். அதே போலத்தான் புது விதையும் ஊருக்குள் பரவுகிறது.

கிரிலிக்கஸ் கேட்ட கேள்வி மூன்று. எப்போது ஆரம்பித்தது? எவ்வளவு வேகமாக ஏறியது? எங்கே போய் நின்றது? அயோவாவில் நூற்றுக்குப் பத்திலிருந்து தொண்ணூறுக்கு ஏற நாலு வருஷந்தான் ஆயிற்று. தெற்கே அலபாமாவில் ஆரம்பிக்கவே அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியானால் தெற்கத்தி விவசாயி மந்தமா? அதுதான் இல்லை என்றார் கிரிலிக்கஸ். ஒட்டுவிதை என்பது ஒரே விதை அல்ல. அந்தந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் தனித்தனியாகக் கட்டி எடுக்க வேண்டியது. விதைக் கம்பெனிகள் மக்காச்சோளம் நெருக்கமாக விளைகிற இடத்துக்கு முதலில் விதை கட்டின, வியாபாரம் அங்கேதானே அதிகம். அலபாமாக்காரருக்கு ஏற்ற விதை அவர் கைக்கே வந்து சேரவில்லை. வந்த பிறகும், ஏக்கருக்குக் கிடைக்கிற கூடுதல் லாபம் எங்கே பெரிதோ அங்கே வேகம், எங்கே சின்னதோ அங்கே நிதானம்.

சமூகவியல்காரர்கள் இதற்கு மறுப்புச் சொன்னார்கள். லாபம் மட்டுமா, பேச்சும் நம்பிக்கையும் கணக்கில்லையா என்று கேட்டார்கள். 1960-களில் இது ஒரு வழக்காகவே நடந்தது. எனக்குத் தோன்றுவது, இரண்டும் ஒரே வயலின் இரண்டு வரப்பு. லாபம் இருக்கிறதா என்பதே பக்கத்துக்காரரைக் கேட்டால்தானே தெரிகிறது! கிரிலிக்கஸுக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் தியோடர் ஷூல்ட்ஸ். ஏழை விவசாயி அறியாமையால் ஏழையாக இல்லை, கையில் இருப்பதை வைத்துக் கணக்காகவே நடக்கிறார் என்று 1964-இல் புத்தகமே எழுதியவர். 1979-இல் நோபல் பரிசு வாங்கினார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1966-ஐ ஒட்டி வடக்கே குட்டைக் கோதுமையும், இங்கே ஐ.ஆர்.8 நெல்லும் வந்தன. தஞ்சைக் குறுவையில் ஏ.டி.டி.27 வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில், 1968 முதல் 1971 வரை, இந்தியக் கிராமங்களில் ஒரே குடும்பங்களிடம் மூன்று சாகுபடி வருஷம் தொடர்ந்து கணக்கு எடுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கைப் பல வருஷம் கழித்துப் பொருளாதார அறிஞர்கள் தூசி தட்டி எடுத்துப் படித்தார்கள்.

கைவன் முன்ஷி என்பவர் 2004-இல் எழுதியதை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். கோதுமைக்காரர்கள் பக்கத்து நிலத்தைப் பார்த்து உடனே மாறினார்கள். போன வருஷம் ஊரில் நன்றாக விளைந்தால் இந்த வருஷம் தாங்களும் பரப்பைக் கூட்டினார்கள். நெல்காரர்கள் அப்படி இல்லை. ஊரில் விளைந்ததைப் பார்த்து அவ்வளவாக அசையவில்லை. அதற்குப் பதிலாகத் தங்கள் நிலத்திலேயே கூடுதலாகப் போட்டுச் சோதித்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

உங்களுக்கே தெரியும். தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் நினைத்தபோது வைக்கலாம், நினைத்தபோது வடிக்கலாம். கடைமடையில் அது நடக்குமா? ஒரு வரப்பு தாண்டினால் மண் மாறுகிறது, களர் தட்டுகிறது, வடிகால் இல்லை. அந்த நாளைய நெல் ரகங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ரொம்பவும் சுணங்குபவை. ஆகவே "அவர் வயல்ல நாப்பது மூட்டை கண்டது" என்ற சேதி, பக்கத்து வரப்புக்காரருக்கே முழுசாக ஒத்துவராது. கோதுமைப் பூமியில் நிலமும் நிலைமையும் ஒன்றுபோல. அங்கே சேதி அப்படியே செல்லுபடியாகும். நெல் விவசாயி தயங்கியது பிடிவாதத்தால் அல்ல. பக்கத்து வயல் தன் வயலுக்குச் சாட்சி சொல்லாது என்று தெரிந்துதான் தயங்கினார்.

இன்னொரு ஆராய்ச்சி, ஃபாஸ்டர், ரோசன்ஸ்வைக் என்ற இருவர் அதே கணக்கை வைத்து 1995-இல் செய்தது. புது விதையில் லாபம் குறைந்து போனதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, பக்குவம் தெரியாதது. எவ்வளவு உரம், எப்போது தண்ணீர் என்பது புது ரகத்துக்குப் புதிது. தான் போட்டுப் பழகப் பழகவும், பக்கத்துக்காரர்கள் போட்டுப் பழகப் பழகவும் லாபம் கூடியது. இது வரைக்கும் நல்லதுதான். ஆனால் இங்கேதான் சிக்கல். நீங்கள் முதலில் போட்டு நஷ்டப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். கற்ற பாடமோ ஊருக்கெல்லாம் இலவசம். அப்படி இருக்கும்போது எல்லோருக்கும் தோன்றுவது, "இன்னொருத்தர் போடட்டும்" என்பதுதான். பத்துப் பேரும் அப்படியே நினைத்தால் பத்து வருஷம் ஓடிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கணக்கும் சரி. ஊர் மொத்தத்துக்கும் அது நஷ்டக் கணக்கு.

காத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். வில்லார்ட் காக்ரேன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1958-இல் சொன்னதைக் கேளுங்கள். புது முறையை முதலில் எடுத்தவருக்குச் செலவு குறைகிறது, விலை பழைய விலையே கிடைக்கிறது, லாபம் அவருக்கு. பிறகு ஊரே மாறுகிறது, சரக்கு குவிகிறது, விலை இறங்குகிறது. கடைசியில் மாறுகிறவர் லாபத்துக்காக மாறுவதில்லை, இறங்கின விலையில் பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று மாறுகிறார். நடந்துகொண்டே இருந்தாலும் இடம் மாறாத மிதிசக்கரம் என்று அவர் அதற்குப் பேர் வைத்தார். நாம் செக்குமாடு என்போம். அரசாங்கக் கொள்முதல் விலை இருக்கிற நெல்லுக்கு இந்த அடி கொஞ்சம் மெதுவாக விழும். தக்காளி போட்டவரைக் கேட்டால் அடியின் வேகம் தெரியும்.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு முந்தினாலும் ஆபத்து, ஒரேயடியாகப் பிந்தினாலும் ஆபத்து. யார் பேச்சைக் கேட்டு நடப்பது? ஆப்பிரிக்காவில் கானா நாட்டில், மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டு வந்தவர்கள் ஏற்றுமதிக்காக அன்னாசிக்கு மாறினார்கள். உரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கான்லி, உட்ரி என்ற இருவர், யார் யாரிடம் சாகுபடிச் சங்கதி பேசுகிறார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு கவனித்தார்கள். தன்னோடு பேசுகிறவர்களில் ஒருவருக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக விளைந்தால், அவர் போட்ட உர அளவை நோக்கித் தங்கள் அளவை மாற்றினார்கள். வெறுமனே பக்கத்தில் நிலம் இருப்பது போதவில்லை. பேச்சு வார்த்தை இருக்க வேண்டியிருந்தது. வாய்க்கால் தகராறில் பேசாமல் இருக்கிற பங்காளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மலாவி நாட்டில் இன்னொரு சோதனை. புது முறையைச் சொல்ல சில ஊரில் விரிவாக்க அலுவலர், சில ஊரில் பேர் பெற்ற முன்னோடி விவசாயி, சில ஊரில் எல்லோரையும் போன்ற சாதாரண விவசாயிகள் சிலர். ஊரார் கற்றுக்கொண்டால் உங்களுக்கும் சின்ன அன்பளிப்பு என்று சொன்ன இடத்தில், சாதாரண விவசாயிகள் சொன்னதுதான் அதிகம் எடுபட்டது. அன்பளிப்பு இல்லாத இடத்தில் அவர்கள் கற்றுக்கொள்ளவே மெனக்கெடவில்லை. இது நியாயந்தானே? பத்து ஏக்கர், சொந்த மோட்டார், டிராக்டர் உள்ளவர் வந்து "நல்லா வருது மாமா, போடுங்க" என்றால், "உனக்கு வரும்ப்பா" என்றுதான் நாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வோம். ஒரு ஏக்கர்க்காரர் சொன்னால் காது கொடுத்துக் கேட்போம்.

ஒடிசாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சுவர்ணா நெல்லை, இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்குகிறபடி மாற்றி, சுவர்ணா சப்1 என்று கொடுத்தார்கள். நம் டெல்டாவில் உள்ள சி.ஆர்.1009 சப்1 இதே குணம் உடையது. சீட்டுக் குலுக்குவது போலச் சில விவசாயிகளுக்கு ஐந்து கிலோ சிறுபை விதை கொடுத்துவிட்டுக் கவனித்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. விதை கிடைத்தவர்கள் கூடுதல் நிலத்தில் நெல் போட்டார்கள், உரத்தைக் கூட்டினார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். வெள்ளம் வராத வருஷத்திலும் அவர்கள் மகசூல் கூடியது. போட்ட முதல் தண்ணீரோடு போய்விடாது என்கிற தைரியம் வந்ததும், இத்தனை நாள் போடாமல் வைத்திருந்த முதலைப் போட்டார்கள். கென்யாவிலோ வேறு மாதிரி. ஒட்டு மக்காச்சோளத்தால் நல்ல பலன் வரக்கூடிய சிலர்கூட அதைப் போடவில்லை. விதையும் உரமும் வாங்கி வரத் தூரம் அதிகம், வண்டிச் செலவிலேயே லாபம் கரைந்துவிடும்.

இனி, நம் கைக்கு வருகிற வேலை. அடுத்த வயலில் புது ரகம் நன்றாக நிற்கிறது என்றால், கண்டுமுதலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நிலம் எப்படிப்பட்டது, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வைத்தீர்கள், அடியுரம் மேலுரம் எவ்வளவு, மருந்து எத்தனை தடவை, கூலி எவ்வளவு ஆயிற்று, என்ன விலைக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் நிலம் உங்கள் நிலத்தைப் போல இல்லையென்றால் அவர் மூட்டைக் கணக்கு உங்களுக்கு அளவுகோல் ஆகாது. உங்கள் நிலத்தில் ஐந்து சென்ட் ஒதுக்கிப் போடுங்கள். பக்கத்திலேயே ஐந்து சென்டில் பழைய ரகத்தையும் அதே நாளில், அதே உரத்தில் நடுங்கள். இரண்டையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக எடை போடுங்கள்.

முதலில் போடுகிறவர் ஒருவரே ஏன் நஷ்டத்தைச் சுமக்க வேண்டும்? நாலைந்து குடும்பம் சேர்ந்து கொள்ளுங்கள். ஒருவர் தலைமடையில், ஒருவர் கடைமடையில், ஒருவர் மேட்டு நிலத்தில் என்று ஆளுக்கு ஐந்து சென்ட் போடட்டும். விதைச் செலவும், பொய்த்துப் போனால் வருகிற நஷ்டமும் எல்லோருக்கும் பொது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, விதைத்த தேதி, உரம், பூச்சி, எடை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். நன்றாக வராத வயலின் கணக்கையும் விடாமல் எழுத வேண்டும். அடுத்த பட்டத்தில் ஊரில் முதலில் கேட்கப் போவது அந்தக் கணக்கைத்தான்.