பொதுக்குளமும் பொதுநூலகமும்

(செங்கோட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞன் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு நான் கவிதை பேசப் போறதில்லை. சாதிச் சான்றிதழ், பட்டா, கல்விக் கடன், எஃப்.ஐ.ஆர். நகல், குரூப் 4 பரீட்சை, இந்தச் சமாச்சாரங்களைத்தான் பேசப் போறேன். இதுக்கும் நூலகத்துக்கும் என்னவே சம்பந்தம் என்று கேட்பீங்க. அந்தச் சம்பந்தத்தைக் காட்டத்தான் வந்திருக்கேன்.

எனக்குச் சோறு போடுவது வங்கி எழுத்தர் வேலை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் உலகத்தைப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் நம்ம சனம் நிற்கும். கையிலே சலான். "சார், இதைக் கொஞ்சம் எழுதித் தாங்க." கூனிக்கொண்டுதான் கேட்பார்கள். அவர்களுடைய காசு, அவர்களுடைய கணக்கு. ஆனாலும் கூனல். நாலு லட்ச ரூபாய் வரைக்குமான கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை என்பது வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. அது தெரியாமல், "நமக்கு ஏது சொத்து" என்று வாசலோடு திரும்பிப் போன தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போகாமல் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கும். ஒரு தாளிலே எழுதியிருந்த நாலு வரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இழப்பு ஒரு தலைமுறைக்கு.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்குக் காசு. உள்ளே தள்ளிவிடுகிற புரோக்கருக்குக் காசு. தெரியாததுக்கெல்லாம் நாம் கட்டுகிற கப்பம் இது. எழுத்தை நம்ம கிட்ட வரவிடாமல் வைத்திருந்த ஏற்பாடு எத்தனையோ நூற்றாண்டாக ஓடியது. அதற்கான வட்டியை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஊர் வரலாற்றையே எடுத்துக்குவோம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். 1956 நவம்பர் 1இல்தான் இந்தப் பக்கம் வந்தோம். அந்தத் திருவிதாங்கூரில்தான் அய்யன்காளி 1893இல் வில்லு வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் அமைத்தார். பள்ளிக்கூடத்தில் எங்க பிள்ளைகளுக்கு இடம் இல்லையென்றால் உங்க வயலில் எங்க கால் இறங்காது என்று வேலைநிறுத்தம் நடத்தினார். பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். ஒரு குழந்தை பலகையில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டடத்தையே எரிக்கத் துணிந்தது சாதி. எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பது நம்மைவிட அவர்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

மகத் குளத்துக் கதை உங்களுக்குத் தெரியும். அதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பொதுக் குளம், பொதுக் கிணறு எல்லாருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. தாளில் குளம் திறந்தே கிடந்தது. தண்ணீரில் ஒருத்தர் கையும் படவில்லை. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உரிமை என்பது புழங்கப் புழங்கத்தான் உரிமை. புழங்காத பாதையில் முள் முளைக்கும்.

இதே போல ஒன்று அமெரிக்காவிலும் நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்று ஒரு நகரம். அங்கே பொதுநூலகத்துக்குக் கறுப்பர்களும்தான் வரி கட்டினார்கள். உள்ளே விடவில்லை. சாமுவேல் டக்கர் என்ற கறுப்பின இளம் வக்கீல் ஒரு காரியம் செய்தார். 1939 ஆகஸ்ட் 21 அன்று அஞ்சு இளைஞர்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் அலமாரியிலிருந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்து, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாசித்தார்கள். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. அடுத்த வருசமே நகரத்தார் கறுப்பருக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தனி நூலகத்து அட்டை எனக்கு வேண்டாம் என்று டக்கர் மறுத்துவிட்டார். நம்ம ஊரில் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த நமக்கு அந்த மனுசனைப் புரிஞ்சுக்க மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இப்ப நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் அதுதான். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல காலம் பாடுபட்டதன் பலன். அதன் ஆணிவேர் நூலக வரி. வீட்டுக்குப் போனதும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். அக்ரகாரத்துக்காரரும் கட்டுகிறார், நாமும் கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருக்கிறவரும் வாடகைக்குள்ளே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, நூலகம் யாரும் நமக்குப் போட்ட தர்மம் கிடையாது. நம்ம காசு அங்கே புத்தகமாக அடுக்கி இருக்கு. அரசியல் சட்டம் 15ஆவது பிரிவில் கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று சொல்லிவிட்டு, அரசுப் பணத்தில் நடக்கிற பொது இடம் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. நூலகம் அதற்குள் வருகிறது.

"நூலகத்துக்குப் போய் நாங்க என்ன கதைப் புத்தகமா வாசிக்கப் போறோம்?" என்று ஒரு சித்தி கேட்டாங்க. கதையும் வாசிக்கலாம் சித்தி, தப்பில்லை. ஆனால் முதலில் வயிற்றுப்பாட்டுக்கு வருவோம்.

குரூப் 4 பரீட்சைக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். 200 கேள்வி. அதில் 100 தமிழ். பெரும்பகுதிக்கு அடிப்படை ஆறிலிருந்து பத்து வரையான பள்ளிப் பாடப்புத்தகம். பயிற்சி மையத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வழியில்லாத பிள்ளைக்கு அந்தப் புத்தகமும், மேசையும், மின்விசிறியும், தொந்தரவு இல்லாத மூணு மணி நேரமும் நூலகத்தில் கிடைக்கும். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பாள்? நம்ம பிள்ளைக்குப் புத்தகத்தைவிட அந்த மேசைதான் முதல் தேவை. இந்த ஊர்ப் பெண் இன்பா, பீடி சுற்றுகிற ஒரு தாயின் மகள், 2024 ஏப்ரலில் வந்த குடிமைப் பணித் தேர்வு முடிவில் 851ஆம் இடம் வாங்கினார். செங்கோட்டை நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை. எங்கோ டெல்லியில் நடந்த அதிசயமாக இதைப் பேச வேண்டாம். நாம் நடந்து போகிற தூரத்தில் நடந்தது.

அடுத்து, சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. விதிகள் 1995இல். 2015 திருத்தத்தில் பாதிக்கப்பட்டவர், சாட்சி இவர்களுக்கான உரிமைகளைத் தனிப்பிரிவாகவே சேர்த்தார்கள். 2018 திருத்தம், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. "விசாரிச்சுட்டு அப்புறம் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்புகிறவரிடம் இந்த வரியை நீங்கள் சொல்ல முடிந்தால் பேச்சின் தொனி மாறும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரணும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டத்தில் 173ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டப் புத்தகம் விலைக்கு வாங்க முடியாது. நூலகத்தில் கேளுங்க. இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. பாபாசாகேப்பின் நூல் தொகுப்பு தமிழில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வந்திருக்கிறது. நம்ம நூலக அலமாரியில் எத்தனை இருக்கு என்று எண்ணிப் பாருங்க. குறைஞ்சதை எழுதிக் கொடுங்க. கேட்கிற வாசகர் இல்லாத புத்தகத்தை யார் வாங்கி வைப்பார்?

"அங்க போனா ஒரு மாதிரி பாக்காங்க" என்று தம்பிமார் சொல்றாங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரு ஊர் நூலகத்தில், என்ன புத்தகம் வேணும் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தெரு என்று என்னிடம் கேட்டார்கள். தெருவைச் சொன்னதும், பத்திரிகையை மட்டும் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். பத்திரிகையைப் பார்த்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். மூணாம் மாசம் அலமாரிப் பக்கம் போனபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கிறவன் கண் வலிக்கட்டும். தனியாப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேராப் போங்க. அலெக்சாண்ட்ரியாவில் அஞ்சு பேர் போனாங்க.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விடிஞ்சா சொளகு, பீடி இலை, தூள், நூல். எங்கே நேரம் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். தங்களில் ஒருத்தரைப் பத்திரிகையும் புத்தகமும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள். கை பீடியில், காது செய்தியில். கியூபாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865லேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். நம்ம தெருத் திண்ணையில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்துதானே சுற்றுறீங்க? பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை நூலகத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாயங்காலம் அரை மணி நேரம் வாசிக்கட்டும். பிள்ளைக்குப் படிப்பு, உங்களுக்குச் சட்டம்.

நூலகத்தில் குறை இல்லையா என்றால், நிறைய இருக்கு. கூலி வேலை முடிஞ்சு ஆள் கரையேறும் நேரத்தில் எத்தனையோ ஊர்ப்புற நூலகம் பூட்டிக் கிடக்கும். மழைக்கு ஒழுகும். வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவை வைக்கிற உள்ளாட்சிகள் பற்றிப் பத்திரிகையில் பலமுறை செய்தி வந்தாச்சு. அதற்குக் கையில் கருவி இருக்கு. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி போன வருசம் வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு. மூணே கேள்வி. முப்பது நாளில் பதில் தரணும். அந்த மனுவை எழுதுவதற்கும் நூலக மேசையிலேயே உட்காருங்க. மாதிரி மனு புத்தகமும் அங்கே கேளுங்க.

இந்தக் கூட்டம் கலையும்போது கைதட்டல் வேண்டாம். ஒரு காரியம் வேணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம தெருவிலிருந்து பத்துப் பேர் ஆதார் நகலையும் சந்தாக் காசையும் எடுத்துக்கொண்டு போய் உறுப்பினராகச் சேருங்க. படிக்கத் தெரியாத பெரியவர்களும் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும். பாரம் பூர்த்தி பண்ண நான் வாசலில் நிற்கிறேன். முதல் தடவை மட்டும். அடுத்த தடவை நீங்கள்தான் இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கணும்.

ஜெய்பீம்.