பேய்க்கதைக்கு முன்னே ஒரு வரலாறு



பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகைக்கு நாம் சுற்றுலா செல்கிறோம். அந்திவேளையில் மாடித் தாழ்வாரத்தில் துரையின் ஆவி உலவுவதாகச் சொல்லக் கேட்டு, சற்றே அஞ்சி, மகிழ்ந்து திரும்புகிறோம். அக்கதைக்குள் புதைந்து கிடப்பது நம் வரலாறு.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி சுமித் 1915இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். உலகையே உலுக்கிய 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வேண்ட, அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது என்பர். அக்கோயிலில் துரைக்கும் உருவச்சிலை உண்டு. 1926இல் அவர் லிசுபனில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. துரைக்குப் பெயரும் சிலையும் ஆவியும் வாய்த்தன. மாண்ட தொழிலாளர்க்கோ, நாம் கேட்கும் கதையில், ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்லே எஞ்சியது.

நோய் ஓர் ஊரை எவ்வாறு வெறுமையாக்கும் என்பதைப் புக்கிட் பெலண்டோக் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1998, 1999ஆம் ஆண்டுகளில், இவ்வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கிய நிப்பா கிருமி மலேசியாவில் 105 உயிர்களைப் பறித்தது. ஆளற்ற வீடுகளைப் பற்றிப் பேய்க்கதை பிறப்பது எளிது. அதற்கு முன், அங்கே வாழ்ந்தோரை அறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவர்கள் சொல்வதை மாணவர்கள் தமிழில் எழுதிவைக்க வேண்டும். பெயர், ஊர், செய்த தொழில் ஆகிய மூன்றும் பதிவானால், மாண்டவர் மனிதராகவே நினைவில் நிற்பர்.