வேலிக்கு அப்பால் ஒரு விளக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் வயல்சார்ந்த நிலப்பரப்பில் உள்ளது கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீசுவரர் ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், மணமுடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வதே நெடுங்கால வழக்கம். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகும். குடி என்பதும் தாய்வழியே வருவது. ஆகவே ஒருவர் பெற்ற மக்கள் அவருடைய குடியைச் சேர்ந்தவர் அல்லர். தம் தாயின் குடியைச் சேர்ந்தவர்.

மனைவி உயிரோடு இருக்கும்வரை இதில் ஒரு குறையும் தோன்றுவதில்லை. அவள் மறைந்தபின்னரே ஆடவர் தம் நிலையை உணர்கின்றனர். வீட்டை மகள் ஆளுகிறாள். முதியவர் திண்ணையில் இருக்கிறார். வேளைக்குச் சோறு வருகிறது, பேச்சுத்தான் வருவதில்லை. பெண்ணுக்கு உறுதியான கூரையொன்றைத் தந்த அவ்வழக்கத்தை இதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் ஆணின் முதுமைக்கு அது எங்கே இடம் வைத்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இத்தகைய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்து வளவில் ஓர் இளம்பெண் குழந்தையுடன் வாழ்கிறாள். கணவன் வெளிநாட்டில் உழைக்கிறான். ஒருநாள் அவள், "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று வேலியோரம் நின்று கேட்கிறாள். அயலார் எவரும் கேட்கும் கேள்விதான். ஆனால் பல மாதங்களாக அவரை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. மறுநாள் ஒரு வாழைச்சீப்பு வேலியைக் கடந்து செல்கிறது. பின்னர் வேலியில் சாய்ந்த கதியாலை அவரே சென்று நிமிர்த்துகிறார். அவள் கடைக்குப் போகும் நேரமும், இரவில் அவள் வீட்டு விளக்கு அணையும் நேரமும் அவருக்கு மனப்பாடமாகின்றன. வேறொருவருடன் அவள் சிரித்துப் பேசினால் அன்றைய சோறு அவருக்கு இறங்குவதில்லை. அவளோ திண்ணைப் பக்கம் பாராமல் கிணற்றடிக்குப் போகப் பழகிக்கொள்கிறாள். நன்றியாகத் தொடங்கிய ஒன்று எந்த நாளில் உரிமையாக மாறிற்று என்பதை அவரே அறியார்.

தமிழ் இலக்கணம் இந்நிலையை அறியாததன்று. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, ஒத்த அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாக வைத்தது. எதிர்மொழி எதுவும் பெறாமல் ஒருவன் தானே பேசித் தானே இன்புறுவதைக் கைக்கிளையின் குறிப்பாகச் சொல்கிறது. இளமை கடந்த நிலையைப் பெருந்திணையுள் அடக்குகிறது. மறுமொழி இல்லாமை என்ற ஒன்றையே அடையாளமாகப் பிடித்தது எத்துணை நுட்பம்! மேற்சொன்ன முதியவரின் வாழைச்சீப்புக்கும் மறுமொழி இல்லை. இருந்தும் அவர் உள்ளத்தில் உரையாடல் ஓயாமல் நடக்கிறது.

இதே வகையில் உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1816-இல் மனைவியை இழந்தார். 1821-ஆம் ஆண்டுக் கோடையில், பொஹீமியாவிலுள்ள மரியன்பாட் நீரூற்று நகருக்குச் சென்றபோது, தாம் தங்கிய வீட்டிலேயே உல்ரிக்கே என்னும் பெண்ணைக் கண்டார். அவளுக்கு வயது 17. அவர் யார் என்பதும் எத்தகைய கவிஞர் என்பதும் அவளுக்குத் தெரியாது. 1823-இல், தமது 73-ஆம் வயதில், அவளை மணக்க விரும்பி வைமார் நாட்டுக் கோமகனையே தூதாக அனுப்பினார். பெண் இசையவில்லை. அவர் தனியராய் வாழ்ந்து தன் துணை தேவைப்பட்டிருந்தால் ஒப்பியிருக்கக்கூடும் என்றும், மகனும் மருமகளும் அவருடன் இருக்க அவர்களுடைய இடத்தைத் தான் எடுக்க விரும்பவில்லை என்றும் அவள் கருதினாள். தனிமையை அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் எவ்வளவு சரியாக அளந்தாள்!

செப்டெம்பர் மாதம் கதே ஊர் திரும்பினார். குதிரைவண்டியில் வரும்போதே தம் துயரைக் கவிதையாக்கினார். அது மரியன்பாட் இரங்கற்பா எனப் புகழ்பெற்றது. உல்ரிக்கே மணமுடிக்கவே இல்லை. 1899-இல், 95 வயதில் இறந்தாள். நீண்ட அவ்வாழ்நாளில் ஊரார் கட்டிய கதைகளைப் பொறாமல், அது காதல் அன்று, தந்தையிடம் கொள்ளும் அன்பே என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தாள். கவிதையை உலகம் படிக்கிறது. அவளுடைய குறிப்பை ஆய்வாளரே தேடிப் படிக்கின்றனர். கிழவரின் ஏக்கத்துக்கு வாய்த்த இரக்கத்தில் பாதியேனும் அப்பெண்ணுக்கு வாய்க்கவில்லை.

கதேக்கு வண்டி ஒன்றிருந்தது, விலகிச் சென்றார். அயல்வீட்டு முதியவர் எங்கே விலகுவது? ஒவ்வொரு காலையும் அதே வேலி, அதே கிணறு, அதே விளக்கு. இங்கேதான் ஊரின் கடமை தொடங்குகிறது. "வயது போன மனுசன், என்ன செய்யப் போகிறார்" என்று சிரிப்பது எளிது. அச்சிரிப்பைக் கேட்டபின் அப்பெண் எவரிடமும் வாய்திறக்க மாட்டாள். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை தருவதை 1995-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் இலங்கையில் குற்றமாக்கியுள்ளது. 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். குற்றவாளியின் முதுமைக்கு அதில் விலக்கு எதுவும் கூறப்படவில்லை. ஆனால் நீதிமன்றம்வரை செல்லுமுன் செய்யக்கூடியவை பல உள.

அவள் சொல்வதை முதலில் நம்பவேண்டும். அடுத்து, அவரிடம் பேசத் தக்கவர் ஒருவர் வேண்டும். மகள் பேசினால் அவர் நாணிக் குறுகுவார்; மருமகன் பேசினால் சினம் கொள்வார். படுவான்கரை வழக்கில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அவர் முதியவரின் உடன்பிறந்தாள். அவள் இல்லையேல் அவள் மக்கள். குடியால் அவர்களே அவருக்கு உரியவர். வேளாண்மை வெட்டு முடிந்ததும் அக்கா வந்து, "தம்பி, கொஞ்ச நாளைக்கு நம்மட வளவில வந்து இரு, பிள்ளைகளும் உன்னைத் தேடுதுகள்" என்று அழைத்தால், அவர் மறுத்தல் அரிது. அங்கே அவர் பிறந்த வீடு இருக்கிறது. தாயின் குரலை நினைவில் வைத்திருப்பவர் இருவர் சேர்ந்து வெற்றிலை போடலாம். இப்புறத்தில் அந்த இளம்பெண் வேலியோரம் துணி உலர்த்தும்போது திண்ணையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிராது.