சோலையும் லைன் வீடும்



1891-இல் இதே நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் நினைவாகப் பிக்கட்டியில் பேச அழைத்த தோழர்களுக்கு நன்றி. நிலமும் நீரும் யாருக்கு என்ற கேள்வியை இன்று நமக்கு மேலே இருக்கும் காட்டை வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

முக்கூர்த்தி 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 78 சதுர கிலோமீட்டர். அங்கே காக்கப்படுவது நம் மாநில விலங்கான வரையாடு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகளே இருந்தன. வரையாட்டுக்கு வேண்டியது புல்வெளியும் பாறைச் சரிவும். அந்தப் புல்வெளிதான் மழையைக் குடித்து, சதுப்பில் தேக்கி, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுகிறது. தவளையும் மீனும் பிழைப்பது அந்தக் கசிவில். குந்தா ஆறு பில்லூர் அருகே பவானியில் சேர்கிறது. கோவையின் குடிநீரும் ஈரோட்டின் வயல்களும் இந்தப் புல்லை நம்பியிருக்கின்றன.

இந்தப் புல்வெளியை அரசு தரிசு என்று எண்ணியது. சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை அங்கே சீகையும் கற்பூர மரமும் பெருமளவில் நட்டது. சீகைப் பட்டை தோல் பதனிடப் போயிற்று. கற்பூர மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போயிற்று. அந்த ஆலையின் கழிவு அதே பவானியில் கலந்தது. தோலைத் தொட்டவனைத் தீட்டு என்ற சமூகம், தோலின் லாபத்தைத் தீட்டாக நினைக்கவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968 முதல் அரசு காட்டு நிலத்தில் தேயிலை நட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆனது. காட்டைத் திருத்தச் சொன்னது அரசு. திருத்திய கை நம்முடையது.

2022-இல் நட்டத்தைக் காட்டி, டான்டீ நிலத்தில் சுமார் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அந்த நிலம் மீண்டும் சோலையாவதை நான் எதிர்க்கவில்லை. சோலை திரும்பினால் ஓடை திரும்பும். ஆனால் ஆயுள் முழுதும் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர்கள் லைன் வீட்டையும் விட வேண்டும் என்றபோது, காடு மீள்வதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. போராடிய பிறகே மாற்று வீடு பற்றிய பேச்சு வந்தது.

சட்டமும் கைகொடுக்காது. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது, அது நியாயம். பழங்குடி அல்லாதவர் என்றால் 2005-க்கு முன் 75 ஆண்டுகள், மூன்று தலைமுறை, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1968-க்குப் பிறகு அரசே கொண்டுவந்து குடியமர்த்தியவர் 1930-க்கு எங்கே சாட்சி தேடுவார்?

சீகையை வெட்டினால் வேலை முடிவதில்லை. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். நாற்றங்காலில் புல்லும் சோலை மரமும் வளர்த்து நட வேண்டும். சரிவில் நிற்கத் தெரிந்த, செடியின் வேரை அறிந்த கைகள் இதற்கு வேண்டும். அந்தக் கைகள் இந்த லைன் வீடுகளில் இருக்கின்றன.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. காடு மீட்கும் வேலை அன்றாடக் கூலியாக இல்லாமல், நிரந்தர வேலையாக, டான்டீ தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலில் தரப்பட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கோ மாற்று வீட்டுக்கோ பெண்ணின் பெயரில் பட்டா வேண்டும். காட்டைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் பழங்குடியினரோடு தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும்.

1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்தது, பொது நீர் எல்லோருக்கும் உரியது என்று நிலைநாட்ட. பொதுக் காடும் அப்படியே. வரையாட்டின் மலையும் தொழிலாளியின் வீடும் ஒரே மனுவில் எழுதப்படட்டும். அந்த மனுவை எழுதும் பொறுப்பை இந்த அவையிடம் விட்டு அமர்கிறேன்.