கேள்வி ஞானம் மட்டும் போதுமா?



கண் தெரியாத பிள்ளை ஒன்று சங்கீதம் பழகுகிறது என்றால், எங்கள் ஆட்கள் உடனே சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கடவுள் கண்ணை எடுத்தாலும் காதைக் கொடுத்திருக்கிறார்." ஆறுதலுக்குச் சொல்வதுதான், குற்றம் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பி, பிள்ளைக்கு இசையின் எழுத்தறிவைக் கொடுக்காமலே விட்டுவிடுகிறோம். பார்வையற்றவர்கள் விரலால் வாசிக்கும் இசைக்குறியீடு ஒன்று கிட்டத்தட்ட இருநூறு வருடங்களாக இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

பிறெய்ல் எழுத்தை உருவாக்கிய லூயி பிறெய்ல், 1809ஆம் ஆண்டு பிரான்ஸில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனின் தோல் வேலைக் கூடத்தில் ஏற்பட்ட விபத்தால் பார்வையை இழந்தார். 1829இல் அவர் வெளியிட்ட முதல் நூலே சொற்களை மட்டுமல்ல, இசையையும் புள்ளிகளால் எழுதும் முறையைச் சொன்னது. அவர் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். ஆகவே இசை எழுத்து பின்னால் யாரோ ஒட்டிவைத்த வால் அல்ல, கூடப் பிறந்தது.

அது எப்படி இயங்குகிறது? ஐந்து கோடுகள் இதில் இல்லை. ஒரு கட்டத்துக்குள் ஆறு புள்ளிகள் மட்டும். மேலுள்ள நான்கு புள்ளிகள் எந்தச் சுரம் என்று சொல்லும். கீழுள்ள இரண்டும், அதாவது 3ஆம் 6ஆம் புள்ளிகள், எவ்வளவு நேரம் என்று சொல்லும். 'சி' என்ற சுரத்துக்கு 1, 4, 5 ஆகிய புள்ளிகள். அப்படியே விட்டால் அது குவேவர். 6ஆம் புள்ளி சேர்ந்தால் குறோச்சட், 3ஆம் புள்ளி சேர்ந்தால் மினிம், இரண்டும் சேர்ந்தால் செமிபிறீவ். அதே செமிபிறீவ் குறிதான் செமிகுவேவருக்கும்! எது என்பதைத் தாளக்கட்டை எண்ணிப் பார்த்து வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். சுரம் எந்த ஸ்தாயியில் நிற்கிறது என்று காட்டத் தனிக்குறி உண்டு. பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் ஒரு சுரத்தை மட்டும் எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனையாவது என்று குறிப்பார்கள். வலது கைக்கு மேலிருந்து கீழே, இடது கைக்குக் கீழிருந்து மேலே. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். பியானோ பழகும் பிள்ளை இடது கையால் வாசித்தபடி வலது கையால் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு கைகளை மாற்ற வேண்டும். பிறகு இரண்டையும் மனதில் சேர்க்க வேண்டும். வயலின் என்றால் இரு கையும் வேலையில் இருக்கும், முழுவதும் மனப்பாடம்தான். பாட்டுப் பாடுகிற பிள்ளை மட்டும் விரலால் வாசித்துக்கொண்டே பாடலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, இறுவட்டைப் போட்டுக் கேட்டுப் பழகலாமே என்று கேட்பீர்கள். இந்தப் பேச்சுக்குக் காரணமே அந்தக் கேள்விதான். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த ஒரு தாயார், பதினொரு வயது மகளைப் பற்றிச் சொன்னார். பிள்ளை எதைக் கேட்டாலும் வாசித்துவிடுமாம்; ஆகவே எழுத்து வேண்டாம் என்று பழக்குகிறவர் சொல்லிவிட்டாராம். ஆனால் வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தார்கள், இவளுக்கு ஒன்றும் இல்லை. யாராவது வாசித்துப் பதிவு செய்து தரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டுப் பழகுகிறவர் இன்னொருவர் வாசித்த விதத்தையே பழகுகிறார். இசையமைத்தவர் எங்கே மெதுவாக்கச் சொன்னார், எந்த விரலை எங்கே வைக்கச் சொன்னார், நடுவில் மறைந்து ஓடும் சுரம் எது என்பதெல்லாம் காதுக்கு முழுவதும் எட்டாது. கேள்வி ஞானம் பெரிய செல்வம், மறுக்கவில்லை. பார்வையுள்ள பிள்ளைக்கு அது மட்டும் போதும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லையே?

எழுதுகிற பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் ஜோக்கின் ரொட்ரிகோ மூன்று வயதில் பார்வை இழந்தவர். கிற்றாருக்கும் வாத்தியக் குழுவுக்குமாக 1939இல் அவர் எழுதி முடித்த 'கொன்சியேர்ட்டோ டி அரங்குவெஸ்' உலகப் புகழ் பெற்றது. அவர் பிறெய்லில் எழுதுவார். பிறகு அதை மற்றவருக்குச் சொல்லிச் சொல்லிச் சாதாரணக் குறியீட்டில் எழுதுவிக்க வேண்டும். ஒவ்வொரு சுரமாக!

இந்த இடத்தில்தான் கணினி பெரிய வேலை செய்திருக்கிறது. மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்ற பொதுவான கோப்பு முறை 2004இல் வந்தது. அந்தக் கோப்பு கையில் இருந்தால் பிறெய்லாக மாற்ற மென்பொருள்கள் உண்டு. அமெரிக்காவின் 'குட்ஃபீல்' விலைக்குக் கிடைப்பது. வியட்நாமில் பார்வையற்றோர் நிலையம் ஒன்று உருவாக்கிய 'சாவ் மாய் பிறெய்ல்' இலவசம். 'மியூஸ்ஸ்கோர்' என்ற இலவச மென்பொருளின் 4ஆம் பதிப்பில், திரையில் இருக்கும் இசை அப்படியே பிறெய்ல் காட்டியில் புள்ளிகளாக எழும். திரையை வாசித்துச் சொல்ல 'என்.வி.டி.ஏ.' இருக்கிறது, அதுவும் இலவசம். இன்று ரொட்ரிகோவைப் போன்ற ஒருவர் தானே எழுதி, பார்வையுள்ளவர் வாசிக்கும் தாளாக அச்சிட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அச்சுத் தாளை ஸ்கேன் செய்து மாற்றினால் பிழைகள் வரும். பிழையான சுரத்தைக் கணினியில் ஒலிக்கவிட்டால் காது பிடித்துவிடும். பிழையான விரல் எண்ணைப் பிடிக்காது. ஆகவே ஆசிரியரிடம் போட்டோப் பிரதி வாங்காதீர்கள். "கோப்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

செலவு விஷயம். பிறெய்ல் காட்டி என்பது சிறு ஊசிகள் எழுந்து அடங்கும் கருவி. வழக்கமானவற்றில் ஒரே ஒரு வரிதான் தெரியும். பியானோவுக்கு இரண்டு கையின் வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக வேண்டும் என்பதால் அது இடைஞ்சல். பிரிட்டனில் செய்யப்படும் 'கனூட் 360' ஒன்பது வரிகளைக் காட்டும், வரிக்கு 40 கட்டங்கள். இவை எல்லாம் விலை கூடியவை. கையிலிருந்து பணம் கொடுக்கும் முன், இங்கிலாந்தில் இருப்பவர்கள் பிள்ளையின் இ.எச்.சி. திட்டத்தில் கருவியை எழுத்தில் சேர்க்கும்படி கேளுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு வற் வரி இல்லை. விற்பவரிடம் ஒரு உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் சரி. இருபது வீதம் சிறிய தொகை அல்ல. சாதாரண மடிக்கணினிக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடைக்காது.

பிரதிகளும் தேடினால் கிடைக்கும். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் 1962இல் வந்த சட்டத்தின்படி பிறெய்ல் இசைத் தொகுப்பைப் பேணி வருகிறது. 2013இல் ஏற்பட்டு 2016 செப்டெம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் ஒப்பந்தம், இத்தகைய பிரதிகளை நாடுவிட்டு நாடு அனுப்ப வழி செய்தது. இசைக்குறியீடும் அதில் அடங்கும்.

கடைசியாக எங்கள் கர்நாடக சங்கீதம். இதில் ஸ, ரி, க, ம என்று எழுத்தே சுரம். ஆகவே தமிழ்ப் பிறெய்ல் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் அச்சுப் புத்தகத்தில் மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, காலத்துக்கு மேலே கோடு. எழுத்தை மட்டும் பிறெய்லாக மாற்றினால் இவை விடுபட்டுப் போகும். மேல் ஸவும் மத்திய ஸவும் ஒன்றாகிவிடும். அதற்கென எந்தக் குறி வைப்பது என்று சங்கீத ரீச்சரும் பிள்ளையும் முதல் வகுப்பிலேயே பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, கொப்பியின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஸரளி வரிசையில் தொடங்கும்போதே செய்தால் சுலபம். வர்ணத்துக்கு வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.